முழங்காலின் விலை

கிள்ளையில் ரயில்வே கேட்டுக்கு அருகிலிருக்கும் ஒரு தேநீர்க் கடையில், பிஸ்கட் பாட்டில்களுக்குப் பின்னால், கோடு போட்ட எண்பது பக்க நோட்டு ஒன்று செருகி வைக்கப்பட்டிருக்கிறது. கடைக்காரர் அதைத் தமது கடன் நோட்டோடு சேர்த்து வைக்க மறுத்துவிட்டார். இரண்டும் கலந்துவிட்டால் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது தமக்கே விளங்காமல் போய்விடும் என்பது அவர் வாதம். அந்த நோட்டில்தான் எங்கள் கபடி அணிகள் இருக்கின்றன. களத்தில் இறங்கி ஆடும் அணிகள் அல்ல. நாற்பதைக் கடந்துவிட்ட நாங்கள் நால்வரும் இனி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டு மூச்சு வாங்காமல் திரும்பினாலே பெரிய காரியம். இவை காகிதத்தில் கட்டிய அணிகள்.

இலக்கியம் பேசும் இடத்தில் கபடிக்கு என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். எங்களுள் எழுதும் பழக்கம் உள்ளவர் தமிழ் விரிவுரையாளர் ஒருவரே என்பதால் இதை எழுதும் பொறுப்பு எம்மிடம் வந்தது. மற்ற மூவருள் ஒருவர் உடற்கல்வி ஆசிரியர், ஒருவர் இறால் தீவனக் கடை வைத்திருப்பவர், இன்னொருவர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுபவர். மூவரும் இதைப் படிக்கப் போகிறார்கள். ஆகையால் இதில் பொய் சொல்ல வழியில்லை.

ஆட்டத்தின் விதி எளியது. புரோ கபடி லீக் தொடங்குவதற்கு முன் ஆளுக்கு நூறு மதிப்பு வழங்கப்படும். ஒவ்வொரு வீரருக்கும், சென்ற பருவத்தில் அவர் எடுத்த புள்ளிகளைப் பார்த்து, ஒரு விலை குறிப்போம். நூறுக்குள் ஏழு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்கள் உண்மையான ஆட்டத்தில் எடுக்கும் புள்ளிகளே எங்கள் புள்ளிகள். தலைவராகக் குறித்தவருக்கு இரட்டிப்பு. பருவம் முழுவதற்கும் மூன்றே மூன்று மாற்றங்கள் செய்யலாம். கடைசியில் நிற்பவர் இறால் பிரியாணி வாங்கித் தர வேண்டும். தீவனக் கடைக்காரர் கடைசியில் நிற்கும் ஆண்டுகளில் பிரியாணியில் இறால் சற்றுப் பெரிதாக இருக்கும் என்பதும் பதிவு செய்யத்தக்கது.

இதைக் கண்டுபிடித்தவர்கள் நாங்கள் இல்லை. 1962இல் அமெரிக்காவின் ஓக்லாந்து கால்பந்து அணியின் பங்குதாரர் ஒருவரும் அவர் நண்பர்களும் தொடங்கிவைத்த விளையாட்டு இது. அவ்வணியின் பெயர் ரைடர்ஸ். கபடி பார்ப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தற்செயல் வேண்டியதில்லை. ஐஸ் கம்பெனி நண்பரின் மைத்துனர் அமெரிக்காவில் வேலை பார்க்கிறார். ஒரு மாசிமகத்துக்கு ஊர் வந்தபோது, ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் தீர்த்தவாரிக்குக் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளும் கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு, அலுவலக நண்பர்கள் இப்படி விளையாடுவதை விளக்கினார். சாமி திரும்பிப் போவதற்குள் எங்களுக்கு நோட்டு வாங்கும் எண்ணம் வந்துவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறோம்.

2022 ஆகஸ்டில் நடந்த ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அன்றைக்கு லீக்கின் வரலாற்றிலேயே மிக உயர்ந்த தொகை அது. 2017இல் தொடங்கிய தலைவாஸ் அதுவரை ஒருமுறைகூட பிளே ஆஃப் சுற்றை எட்டியதில்லை. செராவத்தோ பெங்களூரு அணிக்காக 2019 ஜனவரியில் இறுதி ஆட்டத்தில் தனியொருவராக 22 புள்ளிகள் எடுத்துக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். அடுத்த பருவத்தில் 346 ரெய்டு புள்ளிகள். அதில் ஹரியானாவுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 39. அதற்கடுத்த பருவத்தில் 304. பிடிக்க நிற்பவர்களின் தலைக்கு மேலே தாவிக் கோடு கடப்பார். எங்கள் நோட்டில் அவருக்கு 28 என்று விலை வைத்தோம். நூற்றில் இருபத்தெட்டை ஒருவருக்கே கொடுப்பது மடத்தனம் என்றார் உடற்கல்வி ஆசிரியர். கொடுத்தோம். தலைவராகவும் குறித்தோம். அதில் கணக்கைவிட ஆசைக்கே பங்கு அதிகம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சென்னைக்குத் தெற்கே எந்தத் தேநீர்க் கடையில் கேட்டிருந்தாலும் அந்த ஆண்டு இதே விடைதான் கிடைத்திருக்கும்.

அக்டோபர் 8 அன்று பெங்களூரில் குஜராத்துக்கு எதிராக முதல் ஆட்டம். முதல் பாதிகூட முடியவில்லை. ரெய்டு போன இடத்திலும் இல்லை. எதிரணி ரைடரைத் தடுக்கப் போன இடத்தில் முழங்கால் மடங்கிக் கீழே விழுந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆட்டம் 31–31 என்று சமனில் முடிந்தது. கடையில் யாரும் ஸ்கோரைப் பார்க்கவில்லை.

அடுத்த சில நாட்கள் எங்களுக்குள் நடந்த வாதத்தை நோட்டின் பின்பக்கம் முழுதும் காணலாம். வைத்திருப்பதா, மாற்றுவதா? எங்கள் காதுக்கு வந்ததெல்லாம் பாதி வதந்தி, பாதி நம்பிக்கை. பத்து நாளில் வந்துவிடுவார் என்றார் ஒருவர். தீபாவளிக்குள் என்றார் மற்றவர். இருவருக்கும் தெரிந்தது ஒன்றுமில்லை.

காயம்பட்ட ஆட்டக்காரரை மதிப்பிடுவதற்கு ஒரு கணக்கு உண்டு. அது அமெரிக்க மைத்துனர் சொல்லிக் கொடுத்தது. அவர் நன்றாக ஆடினால் என்ன எடுப்பார் என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. எத்தனை ஆட்டங்களுக்கு வருவார், வந்தாலும் பழைய அளவில் எவ்வளவு தேறும், அவர் இல்லாத ஆட்டங்களில் அந்த இடத்தில் வேறு யாரை வைத்து எவ்வளவு எடுக்கலாம் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடைசிக் கேள்விதான் எல்லோரும் மறப்பது. வராத வீரர் சுழியம் எடுப்பதோடு நில்லாமல், வந்திருக்கக்கூடிய ஒருவரின் இடத்தையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தலைவராகவும் அவரே இருந்தால் இழப்பு இரட்டிப்பு. கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் இரண்டு வாரம் செராவத்தின் பெயரை நாங்கள் அடிக்கவில்லை. உடற்கல்வி ஆசிரியர் மறுநாளே தம் மாற்றத்தைப் பயன்படுத்தி, அதே தலைவாஸ் அணியில் யாரும் அறியாத புதுமுகமாக இருந்த நரேந்தரை நான்கு மதிப்புக்கு எடுத்துக்கொண்டார். நரேந்தர் அந்தப் பருவத்தில் 243 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். தலைவாஸ் முதன்முறையாகப் பிளே ஆஃப் சுற்றுக்குப் போய், அரையிறுதி வரை வந்தது. பிரியாணி வாங்கிக் கொடுத்தவர் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த ஆசைக்குத் தீனி போடுவது எது என்று பின்னர் யோசித்ததுண்டு. அமெரிக்கக் கால்பந்தில் ரன்னிங் பேக் என்றொரு இடம் இருக்கிறது. பந்தை வாங்கிக்கொண்டு எதிரே வரும் மலைபோன்ற ஆட்களுக்கு நடுவே நுழைந்து ஓடுவது அவர் வேலை. நம் ரைடரின் ஒன்றுவிட்ட அண்ணன் என்று சொல்லலாம்: இருவரும் தனியாகப் போகிறார்கள், பலபேர் சேர்ந்து பிடிக்கிறார்கள், இருவருக்கும் முழங்கால்தான் முதலும் வட்டியும். ஏட்ரியன் பீட்டர்சன் என்பவருக்கு 2011 டிசம்பர் 24 அன்று முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அடுத்த ஆண்டே திரும்பி வந்து 2,097 கெஜம் ஓடி, 1984இல் எரிக் டிக்கர்சன் வைத்த சாதனையை எட்டுக் கெஜத்தில் தவறவிட்டார். இந்தக் கதையை மைத்துனர் சொன்ன நாளிலிருந்து எங்களுக்கு ஒவ்வொரு காயம்பட்ட வீரரும் பீட்டர்சனாகவே தெரிந்தார்கள். சாக்வான் பார்க்லியின் கதையைக் கேட்டபோதுதான் சற்றுத் தெளிந்தது. 2020 செப்டம்பரில் அதே காயம். மறு ஆண்டு 593 கெஜம் மட்டும். இரண்டாயிரத்தைத் தாண்டி 2,005 ஓடியது 2024இல், அதுவும் வேறு அணியில். டாட் கர்லியோ 2017இல் நாட்டின் சிறந்த தாக்குதல் வீரர் விருது வாங்கியவர். முழங்கால் தேய்மானத்தால் 2020க்குப் பிறகு களத்திலேயே இல்லை. மூவருக்கும் ஒரே மூட்டு. முன்னால் நின்று பார்க்கும்போது யார் யாராக ஆவார் என்று தெரியாது. ஆனால் கதையாகச் சொல்லப்படுவது பீட்டர்சன் மட்டும்தான்.

அந்த அக்டோபர் வாதத்தின் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, பெஞ்சின் மூலையில் உட்கார்ந்திருந்த அண்ணன் வாய் திறந்தார். எங்களைவிட இரண்டு வயது மூத்தவர். கரையோரத்தில் கிழிந்த வலைகளைச் சரிசெய்து கொடுத்துப் பிழைப்பவர். மாலையில் ஒரு தேநீர் குடிக்க வருவார். நோட்டு விஷயத்தில் தலையிட்டதே இல்லை.

“கால ஊனிட்டுத் திரும்பையில விழுந்தானா, விழுந்தப்புறம் காலு மடங்கிச்சா?” என்று கேட்டார்.

எங்களுக்குத் தெரியவில்லை. செல்பேசியில் அந்தக் காட்சியைத் தேடி எடுத்துக் கொடுத்தோம். கண்ணருகே வைத்து ஒரே ஒரு முறை பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

“பேர அடிச்சிருங்கடா” என்றார்.

அவர் போன பிறகும் சற்று நேரம் யாரும் பேசவில்லை. அடுத்த இரண்டு வாரமும் நாங்கள் பெயரை அடிக்கவுமில்லை. அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டால் வேறொன்றையும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

அது 1999 தைப் பொங்கல். அப்போது கபடி எங்களுக்கு மண்தரை விளையாட்டு. வெள்ளாற்றின் இக்கரையிலும் அக்கரையிலுமாக ஊருக்கொரு குழு இருந்த காலம். பனியன் மட்டும் ஒரே நிறம். கால்சட்டை அவரவர் வசதி. ரெய்டு என்ற சொல்லும் புழக்கத்தில் இல்லை. பாடிப் போவது என்போம். அண்ணன் பாடிப் போனால் எதிர்க்குழுவின் மூலையில் நிற்பவர்கள் தாமாகவே ஓரடி பின்வாங்குவார்கள். வலது காலை நீட்டித் தொட்டுவிட்டு, அதே காலை ஊன்றிப் பம்பரம்போல் சுழன்று திரும்புவார். அந்தத் திரும்புதலைப் பார்ப்பதற்கென்றே பரங்கிப்பேட்டையிலிருந்தெல்லாம் சைக்கிளில் வருவார்கள்.

அரையிறுதியில் யாரோ அவர் கணுக்காலைப் பிடித்தார்கள். பிடி விழுந்தபோது அவர் திரும்பிக்கொண்டிருந்தார். உள்ளே டப்பென்று ஒரு சத்தம் கேட்டதாக அன்றிரவே சொன்னார். இருட்டுவதற்குள் முழங்கால் இளநீர்க்காய் அளவு வீங்கிவிட்டது. இன்றைக்கு நாங்கள் அறிந்திருப்பது இது: அடிபட்ட சில மணி நேரத்துக்குள் மூட்டு அப்படி வீங்கினால் உள்ளே இரத்தம் கசிகிறது என்று பொருள், ஜவ்வு கிழிந்திருக்கக்கூடும் என்று முதலில் ஐயப்பட வேண்டும். அன்று நாங்கள் அறிந்திருந்தது கட்டுப் போடுபவர் வீடு எங்கே இருக்கிறது என்பது மட்டும். உளுந்து மாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்துப் போட்டு, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். எலும்பு முறியவில்லை என்றார். அது உண்மைதான். எலும்பு முறியவில்லை.

காலையில் வீக்கம் சற்று வடிந்திருந்தது. மாலை இறுதி ஆட்டம். ஒரு கோப்பையும், ஐயாயிரத்தொரு ரூபாயும். எங்களுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது. நால்வரும் அவர் வீட்டுக்குப் போனோம். கட்டை அவிழ்க்கச் சொன்னோம். நடந்து காட்டச் சொன்னோம், நடந்தார். ரயில்வே கேட்டிலிருந்து குளக்கரை வரை ஓடிக் காட்டச் சொன்னோம். ஓடினார். முகம் மட்டும் கோணிற்று. “பரவால்லையே அண்ணே” என்றோம். ஒருவருக்கொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டோம், மருத்துவக் குழு மாதிரி.

குளக்கரையில் ஒருமுறை திரும்பிக் காட்டுங்கள் என்று நால்வரில் ஒருவரும் கேட்கவில்லை.

முழங்காலின் உள்ளே குறுக்காக ஓடும் இரண்டு ஜவ்வுகளில் முன்னுள்ளதன் வேலை, கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும் முறுகாமலும் பிடித்து வைப்பது. அது அறுந்தாலும் மனிதர் நடக்கலாம். தொடைச்சதை வலுவாக இருந்தால் நேர்கோட்டில் ஓடவும் செய்யலாம். மூட்டு தன் நிலைமையைக் காட்டிக்கொடுப்பது பாதத்தை ஊன்றி உடலைத் திருப்பும் நொடியில்தான். ரைடருக்கு அதுதான் தொழில். நேராக ஓடுவதற்குக் கபடிக் களத்தில் இடமே கிடையாது. ஆக, அவர் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டு, தொழிலுக்குத் தகுதியானவர் என்று சான்று கொடுத்தோம். கல்லூரியில் இலக்கணம் தெரியுமா என்று பார்க்க மாணவனை வேகமாக வாசித்துக் காட்டச் சொல்வது போன்றது அது. அப்படியும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது வேறு கட்டுரை.

மூன்றாவது பாட்டில் விழுந்தார். யாரும் தொடவில்லை. தொட்டுவிட்டுத் திரும்பினார், கால் மட்டும் திரும்பவில்லை. கோப்பை வேறு ஊருக்குப் போயிற்று.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த மாதக் கடைசியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசுத் துறையின் அணித் தேர்வுக்கு வரச் சொல்லி அவருக்குக் கடிதம் வந்திருந்தது. ஆட்டத்துக்கு முன்பே வந்த கடிதம். எங்களுக்கும் தெரியும். அவர் போக முடியவில்லை. மறு ஆண்டு வயது வரம்பு தாண்டவில்லை, ஆனால் கால் தாண்டிவிட்டிருந்தது. அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளலாம் என்பதே அவர் வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் பணம் இல்லை. தந்தையோடு படகில் போய்ப் பார்த்தார். அலையில் ஆடும் படகில் நின்று வலை இழுக்க இரண்டு காலும் ஒத்துழைக்க வேண்டும். கரையில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு வந்து சேர்ந்தார். அந்தக் கடிதத்தைப் பெட்டியில் வைத்திருந்தார் என்று கேள்வி. 2004 டிசம்பர் 26 அன்று பெட்டியும் வீடும் சேர்ந்தே போயின.

பழந்தமிழர் புண்ணை வகைப்படுத்துவதில் தேர்ந்தவர்கள். மார்பிலும் முகத்திலும் படுவது விழுப்புண்; அது படாத நாளையெல்லாம் வீணாய்ப்போன நாள் என்று எண்ணும் வீரரைக் குறள் பேசுகிறது. முதுகில் பட்டால் புறப்புண். வெண்ணிப் போரில் கரிகாலனின் வேல் மார்பை ஊடுருவி முதுகிலும் புண்ணாக்கியதற்கு நாணி, சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்ததைப் புறநானூறு பதிவு செய்திருக்கிறது. இருபது ஆண்டுகளாக இதை வகுப்பில் நடத்துகிறோம். மாணவர்களுக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுவே. ஆனால் எதிரி இல்லாமல், ஆயுதம் இல்லாமல், தானே திரும்பும்போது முழங்காலுக்குள் அறுந்துபோவதற்கு நாங்கள் படித்தவற்றுள் ஒரு பெயரும் கண்டதில்லை. அண்ணன் விழுந்தபோது “சமாளிச்சு எந்திரிண்ணே” என்று வெளியிலிருந்து கத்தியவர்களுள் ஒருவர், பின்னாளில் புறத்திணை நடத்தப் போகிறவர்.

இனி மறுபடி நோட்டு.

2023இல் செராவத் திரும்பி வந்தார். ஜூன் மாதம் பூசானில் ஆசிய சாம்பியன்ஷிப்பில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கி இறுதியில் ஈரானை வென்றார். அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டிலும் அவரே தலைவர். கடைசி நிமிடங்களில் அவர் போன ஒரு ரெய்டுக்கு எத்தனை புள்ளி என்பதில் தகராறு மூண்டு, ஆட்டம் நெடுநேரம் நின்று, 33–29 என்று தங்கம் வந்தது. அதே மாதம் நடந்த ஏலத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடி கொடுத்தது. சொந்தச் சாதனையையே உடைத்த விலை. காயம்பட்டு முழுப் பருவத்தையும் இழந்த ஒருவருக்கு, காயத்துக்கு முன் கொடுத்ததைவிட அதிகம்!

நோட்டில் என்ன விலை வைப்பது என்ற பேச்சு வந்தபோது, உடற்கல்வி ஆசிரியர் எழுந்துபோய் அண்ணனை அழைத்துவந்தார். எங்களுக்கு அது பிடித்திருந்ததா என்று கேட்டால், கூச்சமாக இருந்தது என்பதே பதில்.

“பாயறதப் பாக்காதீங்க. தொட்டுட்டு வந்து நடுக்கோட்டுல எப்பிடி நிக்கிறான்னு பாருங்க” என்றார் அண்ணன். அடிபட்ட காலை ஊன்றி போனஸ் கோட்டைத் தாண்டுகிறாரா, இல்லை அந்தக் காலையே எப்போதும் நீட்டுகிறாரா? மூன்றாவது ரெய்டில் புள்ளி எடுத்தே தீர வேண்டிய கட்டாயம் வரும்போது அவர் போகிறாரா, வேறு ஆளை அனுப்புகிறார்களா? பிடிக்க நிற்கும்போது கூட்டத்துக்குள் கையை விடுகிறாரா, ஓரமாக ஒதுங்குகிறாரா? இரண்டாம் பாதியின் கடைசி ஐந்து நிமிடத்தில் எத்தனை முறை போகிறார்? மருத்துவர்கள் ஒற்றைக் காலில் தாவச் சொல்லி இரு காலின் தூரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்றும், அறுவைக்குப் பின் ஒன்பது மாதமாவது பொறுக்கச் சொல்வார்கள் என்றும் உடற்கல்வி ஆசிரியர் கூடுதலாகச் சொன்னார். “அதான், அதான்” என்றார் அண்ணன். இதையெல்லாம் அவர் யாரிடமும் படித்ததில்லை. இருபத்து நான்கு ஆண்டுகள் தம் காலைக் கவனித்துவந்ததில் கிடைத்த படிப்பு.

20 என்று விலை வைத்தோம். அந்தப் பருவத்தில் 202 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். பழைய 304க்கும் 346க்கும் கீழே. ஆனாலும் பெரும்பாலோருக்கு மேலே. டைட்டன்ஸ் அணி இரண்டே ஆட்டங்களில் வென்று கடைசி இடத்தில் முடித்தது. இதுவும் ஒரு பாடம். கற்பனை அணிக்கு நல்ல வீரர், உண்மையான அணிக்கு நல்ல முதலீடாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. காகிதத்தில் நாங்கள் வாங்குவது ஓர் ஆளின் புள்ளிகளை. அவர்கள் வாங்குவது ஒரு பருவத்தை. அடுத்த ஆண்டு அதே அணி 1.725 கோடி கொடுத்தது. இடையில் மீண்டும் காயம், சில ஆட்டங்கள் போயின. 2025 கோடையில் தமிழ் தலைவாஸ் அவரைத் திரும்ப வாங்கியபோது விலை 59.5 லட்சம். அந்தப் பருவத்தில் சில ஆட்டங்களுக்குப் பிறகு, காயத்தோடு தொடர்பில்லாத காரணத்தால் அவர் அணியை விட்டுப் போக நேர்ந்தது. அதற்கு எங்கள் கணக்கில் இடமில்லை.

காசு கட்டி ஆடும் கற்பனை அணிச் செயலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 ஆகஸ்டில் வந்த ஒன்றிய அரசின் சட்டம் அவற்றை நிறுத்திவிட்டது. அதற்கு முன் எங்கள் மாணவர் ஒருவர் பருவக் கட்டணத்தை அதில் விட்டுவிட்டு வராந்தாவில் வந்து நின்ற காலையை மறப்பதற்கில்லை. திறமையா, அதிர்ஷ்டமா என்று நீதிமன்றங்கள் பல ஆண்டுகள் விவாதித்தன. எங்களைக் கேட்டால் இரண்டுக்கும் நடுவில் ஆசை என்று மூன்றாவதாக ஒன்று உண்டு. விலை போடும் கையை அதுதான் பிடித்துக்கொள்கிறது.

2025 கோடையில், 59.5 லட்சம் என்ற செய்தி வந்த மாலை, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 12 வைக்கலாமா, 14 வைக்கலாமா என்று தீவனக் கடைக்காரரும் ஐஸ் கம்பெனிக்காரரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மழை இல்லை, சிதம்பரத்திலிருந்து வரும் வண்டிக்காகக் கேட்டை மூடியிருந்தார்கள். அண்ணன் வழக்கம்போல் பெஞ்சின் மூலையில், வலது காலை நீட்டியபடி. எதற்கென்று தெரியவில்லை, வாய் தானாகக் கேட்டுவிட்டது.

“அன்னைக்கு நாங்க வந்து ஓடிக் காட்டச் சொல்லாம இருந்திருந்தா, ஆடியிருக்க மாட்டீங்கதானே அண்ணே?”

கடையில் இருந்த எல்லோரும் அவரவர் தம்ளரைப் பார்த்தார்கள். அண்ணன் உடனே பதில் சொன்னார். ரொம்ப நாளாகத் தயாராக வைத்திருந்த பதில் என்று இப்போது தோன்றுகிறது.

“ஆடியிருப்பேன்டா. நீங்க கேக்காட்டியும் ஆடியிருப்பேன். கோப்பைய விட்டுட்டு எவன் வீட்ல ஒக்காந்திருப்பான்?”

வண்டி வந்தது. கடந்து போகும் வரை பேச முடியவில்லை. கேட்டைத் தூக்கினார்கள். காத்திருந்த சைக்கிள்களும் மீன் ஏற்றிய வண்டிகளும் மணி அடித்துக்கொண்டு கிளம்பின.

“ஆனா கேட்டீங்க” என்றார்.

பிறகு நோட்டை எட்டி வாங்கி, எங்கள் பேனாவாலேயே செராவத்தின் பெயருக்கு நேரே 11 என்று எழுதினார். தேநீருக்குத் தம் காசைத் தாமே கொடுத்துவிட்டு, இடது காலை முதலில் இறக்கி, தெருவில் நடந்து போனார்.